கண்ணாடியக்காவின் கேம் பெட்டி

இன்டர்நெட் ரவுட்டரின் முதுகைத் துடைத்து, அதன் இரண்டு கொம்புகளையும் துடைத்து, அது மாட்டியிருந்த ஆணியையும் விட்டுவைக்காமல் துடைத்தாள் கண்ணாடியக்கா. பிறகு இடுப்பில் கைவைத்து ஓரடி பின்னால் நகர்ந்து நின்று, தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்த போனிடம், "இப்பப் பாருங்க தம்பி, வருதா?" என்றாள்.

மறுமுனையில் இருந்தவன் கொழுந்தன், கணவரின் தம்பி. வேறு ஊரில் இருக்கிறான். "தொடைச்சா அதெல்லாம் வராது அண்ணி" என்றான்.

"தொடைக்காம எப்படிக் கண்டுபிடிக்கிறது? எது கோளாறு, எது அழுக்குன்னு தெரிய வேணாமா?"

அவளுக்கு எந்த வேலையும் துடைப்பதில்தான் ஆரம்பம். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து பிரேமுக்குள் கச்சிதமாக உட்காரவைக்கிற வேலை அவளுடையது. மஞ்சள் துணி ஒன்று எப்போதும் கைப்பையின் வெளி அறையில் இருக்கும். பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் கைரேகை படிந்த கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தால் இவளுக்கு இருப்புக்கொள்ளாது. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்ப்பாள். அதற்குமேல் முடியாமல், "கோவிச்சுக்காதீங்க, அதைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பளிச்சென்று துடைத்துக் கொடுத்துவிட்டு, தன் கண்ணில் விழுந்த தூசியே போய்விட்டது போல நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பெரும்பாலும் நன்றி சொல்வார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவிட்டார்.

கண் பரிசோதிப்பவர் வராத நாட்களில் பரிசோதனை நாற்காலிக்குப் பக்கத்திலும் அவள்தான் நிற்பாள். "இது தெளிவா, முன்ன இருந்ததா?" என்று ஒவ்வொரு லென்ஸாக மாற்றி மாற்றிக் கேட்பாள். அந்தக் கேள்வி நாக்கில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிட்டது. டீயில் சர்க்கரை போடும்போதும் அதே கேள்வி, புதுத் திரைச்சீலை மாட்டும்போதும் அதே கேள்வி. அதில் அவள் கண்டிப்பான ஆள். "ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டையும் ஒண்ணா மாத்தினா, எது நல்லது பண்ணுச்சுன்னு அந்தக் கண்ணுக்கே தெரியாது" என்பாள்.

இப்படிப்பட்டவள் சுவரில் தொங்கும் ரவுட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம், கூடத்து மூலையில் நிற்கும் கேம் பெட்டி. ஆளுயரம் இருக்கும். கடையைப் புதுப்பித்தபோது கழித்துப்போட்ட காட்சி அலமாரியைக் கேட்டு வாங்கி, அதன் வயிற்றில் ஒரு பழைய திரையைப் பொருத்தி, முன்னால் பலகை அடித்து, பிடியும் பொத்தான்களும் வைத்து அவளே செய்தது. வாடிக்கையாளர்கள் முகம் பார்த்த ஒடுக்கமான கண்ணாடியை மட்டும் பக்கவாட்டில் அப்படியே விட்டுவிட்டாள். ஆடும் மும்முரத்தில் கணவர் நாக்கைத் துருத்திக்கொண்டிருப்பது அடுப்படியிலிருந்து பார்த்தாலே அதில் தெரியும்.

கணவர் பார்சல் வண்டி ஓட்டியவர். அப்போதெல்லாம் வாய் ஓயாது. கதவைத் தட்டிப் பொட்டலம் கொடுத்த வீட்டிலெல்லாம் கால்மணி நேரம் கதையளந்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். தம்பியோடு தினமும் போனில் பேசுவார். என்ன பேசினார் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை ஒத்துழைக்க மறுத்தது, பேச்சும் தொண்டையில் சிக்கிக்கொண்டது. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும்; வாய்க்கு வருவதற்குள் எதிரில் இருப்பவரே பரிதாபப்பட்டு முடித்துவைத்துவிடுவார். அது கணவருக்குப் பொறுக்கவில்லை. தம்பி போன் செய்தால் வேண்டாம் என்று கையசைத்தார். வீடியோவில் கூப்பிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொழுந்தனுக்கு விடுமுறை நாட்களில் இந்தக் கேம் பெட்டிப் பைத்தியம் உண்டு. "அண்ணி, நான் கன்ட்ரோலர் அனுப்பறேன். பொட்டி மட்டும் நீங்க பண்ணிடுங்க. என் பொட்டியும் உங்க பொட்டியும் இன்டர்நெட் வழியா பேசிக்கும். அண்ணன் பேசாட்டிப் பரவால்ல" என்றான். கன்ட்ரோலர் என்பது உள்ளங்கை அளவு பலகை. பொத்தானில் விழும் அடியை வாங்கித் திரைக்கும், ரவுட்டர் வழியாகத் தம்பி வீட்டுக்கும் கொண்டுசேர்க்கிற சங்கதி. அக்கா பிடியை இடது கைக்கு வைத்தாள். வலது பக்கம் விரல் வேண்டாத, முஷ்டியால் குத்தினாலே போதுமான அகலப் பொத்தான் ஒன்றை வைத்தாள்.

முதல் சனிக்கிழமை மாலை இரண்டு பெட்டிகளும் கைகோத்தன. திரையில் அண்ணனின் கார் ஒன்று, தம்பியின் கார் ஒன்று. பெட்டிக்குள் ஒரு சின்ன மைக்கும் ஒலிபெருக்கியும் இருந்தன; ஒலிபெருக்கி வழியாகத் தம்பியின் சிரிப்பு கேட்டது. கடைசி வளைவில் தம்பி இடித்துத் தள்ளிவிட்டு முந்தினான். "டேய்! ஏமாத்தாதடா, நாயே!" என்று கத்தினார் கணவர். முழு வாக்கியம். ஒரு எழுத்துக்கூடச் சிக்கவில்லை. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். வெங்காயத்தின்மேல் பழி போடவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அதோடு சரி. அடுத்த வாரம் பெட்டி தம்பி வீட்டைத் தேடித் தேடிச் சலித்துப்போய் நின்றது. கொழுந்தன் போனிலேயே எதையோ மாற்றச் சொல்லி ஓடவைத்தான். மறுவாரம் திரும்பவும் படுத்துக்கொண்டது. கணவர் சனிக்கிழமை என்றால் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். திரையில் சுழலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். போன சனிக்கிழமை வெகுநேரம் பார்த்துவிட்டு, தானே எழுந்து பெட்டியை நிறுத்தினார். "வே... வேணாம். வி... வித்துடு" என்றார். அதைச் சொல்லத்தான் அத்தனை நேரம் ஒத்திகை பார்த்திருக்கிறார் என்பது அக்காவுக்குப் புரிந்தது. இன்னொரு சனிக்கிழமை இப்படிப் போனால் மனுஷர் அந்த நாற்காலியில் உட்காரவே மாட்டார் என்பதும் புரிந்தது.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோளாறைத் தேடினாள். மைக்ரோவேவை ஒரு நாள் மூட்டைகட்டி வைத்தாள். மாடி வீட்டுக்காரரின் புது டிவிமேல் சந்தேகப்பட்டு, இரண்டு நாள் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பாவம், அவருக்குக் காரணமே தெரியாது. இன்டர்நெட் கம்பெனியில் போன் எடுத்த பெண், "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க மேடம்" என்று தேனாகச் சொன்னாள். அக்கா பக்தி சிரத்தையாக அப்படியே செய்தாள். நிலைமை இன்னும் மோசமானது.

கொழுந்தனுக்கு நோய் என்னவென்று தெரிந்துதான் இருந்தது. "ரவுட்டர் வீட்ல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுக்கும் அண்ணி, கதவு நம்பர் மாதிரி. என் பொட்டி வந்து அந்த நம்பர் கதவைத்தான் தட்டும். நீங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா, யார் முதல்ல எந்திரிக்கறாங்களோ அவங்களுக்கு அந்த நம்பர் போயிடும். இப்ப நான் உங்க டிவி கதவைத் தட்டிட்டு இருக்கேன். யாராச்சும் ரவுட்டரை ஆஃப் பண்றீங்களா?"

"யாரு பண்ணுவா? இருக்கறதே ரெண்டு பேரு. கம்பெனிக்காரி சொன்ன அன்னிக்குத் தவிர நான் சுவிட்சைத் தொட்டதே இல்ல. கரண்டும் போகல."

பெட்டிக்கென்று நிரந்தரமாக ஒரு எண்ணை எழுதிவைக்கவும் வழி உண்டு. ஒரு முறை முயன்றும் பார்த்தாள். ஆனால் அன்றைக்கு அவசரத்தில் தன் சட்டத்தைத் தானே மீறி, எண்ணை மாற்றிய கையோடு வைஃபை பெயரையும் மாற்றினாள். எண்ணையும் டிவியின் எண்ணாகவே கொடுத்துவிட்டாள். வீட்டில் எதற்கும் எதையும் தெரியாமல் போய், ரவுட்டரில் எழுதியதையெல்லாம் அழித்து அதைப் பிறந்த நாள் நிலைக்குக் கொண்டுவரவேண்டியதாயிற்று. "இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க அண்ணி. புது ரவுட்டர் வாங்கிக்கலாம்" என்று கொழுந்தன் போனில் கெஞ்சினான்.

இந்தச் சனிக்கிழமை, கடைக்குப் போகுமுன் இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று வழக்கத்தைவிட முன்னதாக விழித்தாள். கூடத்தில் கணவருக்குக் கட்டில். பக்கத்தில் தரையில் இவளுக்கு மெத்தை. கட்டில் காலியாக இருந்தது. கண்ணாடி போடாத கண்ணுக்கு, சுவரோரம் மங்கலாக ஒரு உருவம். ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டு, தோளைச் சுவரில் கொடுத்துக்கொண்டு, இடது கையை எட்டி நீட்டிக் கணவர் ரவுட்டரின் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

"ஏங்க! அங்க என்ன பண்றீங்க?"

மாட்டிக்கொண்ட முகத்தோடு திரும்பினார். பதில் வர நேரமானது. அக்கா அவருக்காக முடித்துவைக்கவில்லை. மெத்தையிலேயே உட்கார்ந்து காத்திருந்தாள்.

"வெளிச்சம்" என்றார். பிறகு அவள் தலையணையைக் காட்டினார். "உன்... கண்ணுல அடிக்குது. பொரண்டு... பொரண்டு படுக்கற. நாள் பூரா... கண்ணுக்கு வேலை. அதான், தினம்... நீ தூங்கினப்புறம் அணைச்சிட்டு..."

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருட்டில் ஆள் துணையில்லாமல் நடக்கக் கூடாது என்று மருத்துவர் கரடியாய்க் கத்தியிருக்கிறாரே! விழுந்திருந்தால்? "உங்களுக்கு என்ன கிறுக்கா?" என்று ஆரம்பித்து நன்றாகத் திட்டினாள். திட்டிக்கொண்டே கறுப்பு டேப்பைக் கிழித்து, ரவுட்டரின் விளக்குகளின்மேல் வரிசையாக ஒட்டினாள். "தீந்துது பிரச்சினை. விளக்கும் தெரியாது, நம்பரும் மாறாது. இனிமே நீங்க எந்திரிக்க வேண்டிய அவசியமே இல்ல" என்றாள். அவர் தலையாட்டினார். வந்து கட்டிலில் உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்து, வேலையிழந்தவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வை கடை வரைக்கும் கூடவே வந்தது. சக்கரத்தில் வைத்த லென்ஸைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டாள். அவள் கையில் அப்படி நடப்பதே அபூர்வம். சரிந்த நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு, மாத்திரை, சட்டைப் பொத்தான் எல்லாம் இவள்தான். இவளுக்கென்று அவர் செய்வது ஒன்றே ஒன்று இருந்திருக்கிறது. அதையும் காலையில் டேப் போட்டு மூடியாயிற்று. மதியம் கொழுந்தனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அடக்கடவுளே, அண்ணன் வேலையா இது? இனிமே ஆஃப் பண்ணாம இருந்தாலே போதும் அண்ணி" என்றான் அவன்.

"ஆஃப் பண்ணுவாரு. பண்ணட்டும். அப்படிப் பண்ணினாலும் வேலை செய்யற மாதிரி எனக்குச் சொல்லிக் குடுங்க."

அவன், "ஒண்ணொண்ணா மாத்தணும், அண்ணி" என்றான்.

"அதை எனக்கே சொல்றீங்களா?"

மாலை வீட்டுக்கு வந்ததும் அமர்ந்தாள். முதலில் போன் திரையைத் துடைத்தாள். கொழுந்தன் சொல்லிக்கொடுத்தபடி அதில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். டிவி முதலான எதுவும் பிடிக்காத, தூரத்து எண் ஒன்றைத் தேர்ந்து, பெட்டிக்கு அதுதான் என்று எழுதினாள். வேறெதையும் தொடவில்லை. பிறகு சுவிட்சை அணைத்துப் போட்டாள். டிவி முதலில் எழுந்தது, போன் அடுத்து எழுந்தது, பெட்டி சாவகாசமாகக் கடைசியில் எழுந்தது. அதன் எண் மாறவில்லை. இன்னொரு தரம் அணைத்துப் போட்டாள். அப்போதும் மாறவில்லை. "இது தெளிவா, முன்ன இருந்ததா?" என்று தனக்குத்தானே கேட்டுச் சிரித்துக்கொண்டாள்.

கணவர் பழைய சட்டையோடு கட்டிலிலேயே இருந்தார். பெட்டி முன்னால் வரமாட்டேன் என்று தலையசைத்தார். அக்கா வற்புறுத்தவில்லை. பெட்டியை மட்டும் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வட்டம் சுழன்றது, நின்றது. ஒலிபெருக்கியிலிருந்து தம்பியின் குரல் வந்தது: "என்னண்ணே, பயந்துட்டியா? போன தரம் வாங்கின அடி இன்னும் வலிக்குதா?" கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோல் தட்டும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் முஷ்டி பொத்தானில் விழும் சத்தம். "வாடா... வா! இன்னிக்கு... உன்னை விட்டேன்னா பாரு!" நடுவில் கொஞ்சம் சிக்கியது. தம்பி முடித்துவைக்கவில்லை. சிக்கல் விடும்வரை அவன் காரும் அந்த வளைவில் மெதுவாகத்தான் போனது.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகு, கட்டிலுக்கும் சுவிட்சுக்கும் இடையில் கிடந்த ஸ்டூலை அக்கா ஓரமாகத் தள்ளினாள். பிடித்துக்கொள்ள வாகாக, கனமான நாற்காலி ஒன்றைப் பாதி வழியில் சுவரை ஒட்டிப் போட்டாள். கணவர் போர்வையை இழுத்துக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ரவுட்டரின் பக்கம் போய், டேப்பின் முனையை நகத்தால் நெம்பி, முழுவதையும் உரித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். பிறகு கூடத்து விளக்கை அணைத்துவிட்டு வந்து படுத்து, முகத்தை அந்தப் பச்சை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.