பதினோரு வரிக்கு ஒரு அனுமதி

பிள்ளைகளா, அப்பா கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் மட்டும் பார்ப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். காசில்லாமல் எவரும் போட்டுக்கொள்ளலாம் என்கிற லினக்ஸ் இருக்கிறதே, அதற்குள் போகிற குட்டிக் குட்டி புரோகிராம்களைப் பொட்டலம் கட்டித் தருகிறேன். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் எழுதியவர் யார், மற்றவர்களுக்கு என்ன அனுமதி என்று ஒரு தாள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லினக்ஸைத் தொகுத்து வெளியிடுகிறவர்கள் உள்ளே விடமாட்டார்கள்.

நீங்கள் தமிழ் தட்டச்சு பழகுகிற விளையாட்டை அதில் சேர்க்க ஆசைப்பட்டேன். அது ஓட நாற்பத்து மூன்று குட்டி புரோகிராம்கள் வேண்டும். நாற்பத்திரண்டைக் கட்டிவிட்டேன். கடைசி ஒன்று பதினோரு வரிதான். எழுத்துக்கு முன்னால் இடம் விடுகிற வேலை. அதில் அனுமதித் தாள் இல்லை. எழுதியவருக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டு முறை மெயில் போட்டேன். பதில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால்தான் புதுப் பதிப்பில் சேரும். விட்டால் இரண்டு வருஷம்.

விழுப்புரம் காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற உங்கள் மாமா, புதன்கிழமை மதியம் திண்டிவனத்துக்குக் கடை தேடி வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“இன்னா மாப்ள, பதினோரு வரிக்கா இந்தப் பேஜாரு? எல்லாரும் போடற அனுமதிய அவரு பேர்ல நீயே அடிச்சி சொருவு. எவன் வந்து பாக்கப் போறான்?”

அடித்தேன். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. அந்த மனிதர் பெயர், வருஷம் எல்லாம் போட்டேன். அனுப்பப் போகும்போது கை நின்றுவிட்டது. அவர் கொடுக்காததை நான் எப்படிக் கொடுப்பேன்?

“முடியாது மச்சான். இது கள்ளக் கையெழுத்து.”

“ஐ.டி.ஐ. படிச்சிக்கினு ஜட்ஜு மாதிரி பேசறியே! அப்ப அந்த வரிய நீயே எழுதேன். கட்டத் தெரியும், எழுதத் தெரியுமா?”

“எழுதறேன். நீங்க பஸ்ஸப் புடிங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, அதுவரை நானாக ஒரு புரோகிராமும் எழுதியதில்லை. படிப்பு குறைவு என்பதற்காகப் பொய் சொல்ல எனக்கு யாரும் சலுகை தர வேண்டாம் என்ற வீம்புதான். பார்த்து எழுதினால் அதுவும் திருட்டுதான் என்று அந்தப் பதினோரு வரியை மூடினேன், மறுபடி பார்க்கவில்லை. நடக்க வேண்டிய வேலையை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு, இரண்டு நாள் தப்புத் தப்பாக அடித்தேன். பத்தொன்பது வரி வந்தது. அழகில்லை. ஓடியது.

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் யாருமில்லை. பொய்த் தாளை அழித்தேன். புதுத் தாளில், எழுதியவர் என்ற இடத்தில் முதல் முறையாக என் பெயரை அடித்தேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று கீழே போட்டு அனுப்பினேன்.