போன லோடு காசு

கழிவுக் கருவாட்டின் நாற்றம் ஒரு வாரத்தில் மூக்குக்குப் பழகிவிடும் என்பார்கள். ஏலக்காய் டீயின் மணத்தோடு கலந்தே வந்ததாலோ என்னவோ, எனக்கு அது கடைசிவரை பழகவில்லை, குமட்டிக்கொண்டே இருந்தது.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் நைனா, அதாவது என் அப்பா, கோழித்தீவனம் அரைத்து விற்றார். மக்காச்சோளம் லாரியில் வரும். பணம் கைக்கு வராமல் அந்த வியாபாரி தார்ப்பாயை அவிழ்க்க மாட்டார். தீவனத்தில் சேர்க்கும் கருவாட்டை மாமல்லபுரம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து கன்னியம்மா அக்கா கொண்டுவருவார். மூட்டைகளை இறக்கிய பிறகுதான் காசு கேட்பார். ஞாயிறுதோறும் வாரப் பணத்தைப் பங்கு போடும் நைனா, சோளத்துக்கு, தவிட்டுக்கு, கரண்டுக்கு என்று எடுத்து வைத்துவிட்டு, கருவாட்டுக்கு மட்டும் ஒன்றும் வைக்க மாட்டார். "போன லோடு காச அடுத்த லோடு வந்தாதான் குடுக்கணும். இல்லேன்னா வேற எடத்துக்குப் பூடுவா" என்பார். ஏழாவதோடு பள்ளியை விட்டு மூட்டை தைத்துக்கொண்டிருந்த எனக்கு, கன்னியம்மா அக்கா வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று அப்போதே கவலையாக இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் கன்னியம்மா அக்கா வெறுங்கையோடு வந்தார்.

"அண்ணாத்த, படகுக்காரன் கைல காசு வெச்சாதான் மீன் குடுக்கறான். வட்டிக்கு வாங்கிகினு கீறேன். போன லோடு காச குடு."

"இன்னாம்மா அவசரம்? ஒக்காரு. பாப்பா, அக்காவுக்கு ஏலக்கா போட்டு ஒரு டீ!" என்று எனக்குக் குரல் கொடுத்தார் நைனா.

"இத்த எடுத்துகினு போயி வட்டிக்காரன் வாயில ஊத்தவா?" என்று சிரித்தபடி நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார். நைனாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த லோடு மூட்டைகள் கனத்தன. கைவிட்டுப் பார்த்தால் பாதி மணலும் உப்புக்கல்லும். சொன்னேன். நைனா தலையைக்கூடத் திருப்பவில்லை. "திருப்பி அனுப்பினா கணக்க முடிச்சு பழைய காச இன்னிக்கே குடுத்தாவணும். போட்டு அரைக்கச் சொல்லு."

அரைத்தோம். படாளத்துப் பண்ணையில் அதைத் தின்ற குஞ்சுகள் தாகமெடுத்து, தண்ணீராகக் கழிந்து செத்தன. பண்ணைக்காரர் செத்த குஞ்சுகளை எங்கள் வாசலில் சாக்கோடு கவிழ்த்துக் கொட்டினார். ஈரத்தில் ஒட்டிக்கிடந்த மஞ்சள் மயிர்களுக்குள் புழு நெளிந்தது. நைனா குஞ்சுகளைத் தாண்டி நின்று, தன் பழைய பாக்கியைக் கேட்டார்!

"போன லோடு காசா? அடுத்த லோடு நல்லதா எறக்கு, பாக்கலாம்" என்றார் பண்ணைக்காரர்.

பாக்கி வரவில்லை. சோள லாரி தார்ப்பாயை அவிழ்க்காமலே திரும்பியது, அரவை நின்றது. கன்னியம்மா அக்காவுக்குக் கடைசிவரை காசு போகவில்லை. சாகும்வரை நைனா சொன்னது ஒன்றுதான்: "அவ மண்ணு கலந்தா."

இப்போது பொத்தேரியில் மாணவர்களுக்கு மெஸ் நடத்துகிறேன். அரிசி மூட்டை வண்டியிலிருந்து இறங்குமுன் காசை நீட்டிவிடுவேன். "அக்கா, எடையாவது பாரு" என்று கடைக்காரர் கிண்டல் செய்வார். யாருக்காவது பாக்கி வைத்துவிடுவேனோ என்று எனக்குப் பயம். கொட்டகை இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது, குப்பத்தில் கருவாடு காய்ந்த மணலில் சொகுசு விடுதி நிற்கிறது. கன்னியம்மா அக்காவைத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.

போன மாதம், விருந்துக்குச் சமைத்துக் கொடுத்த காசைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "ஒக்காருங்கக்கா, மொதல்ல டீ சாப்புடுங்க" என்று சிரித்தார் அங்கிருந்தவர். ஏலக்காய் டீ. அந்தக் குளிரூட்டிய அறை முழுக்கக் கருவாடு நாறியது.