முதல் ஏலத்துக்கு முன் துப்பக் கூடாது

தர்மலிங்கம் பெரியப்பா கோட்டுச்சேரிமேட்டை விட்டுக் கிளம்பியது மாசிமகத்துக்கு மறுநாள். போலகத்தில் தன் வீட்டோடு வைத்துக்கொள்ள மகன் அன்பழகன் ஆட்டோ கொண்டுவந்திருந்தான். துணிப்பையின் மேலாக இன்ஹேலரை வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தவர், கரைப் பக்கம் திரும்பவே இல்லை. பெரியம்மா தையல்நாயகிதான் பார்த்தார்.

இருபது வருடங்களுக்கு மேல் அந்தக் கரையில் மீன் ஏலம் விட்டவர். அவர் குரல் எடுத்தால் ஐஸ் வண்டிக்காரன்கூட எஞ்சினை நிறுத்துவான். அத்தனை வருடம் பீடி குடித்தும் குரல் கெடவில்லை. மூச்சுதான் கெட்டது.

அவர் ஊரை விட்டுப் போவதற்கு ஆறு மாதம் முன், வடக்கே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, நாலு எட்டு வைப்பதற்குள் நின்று நெஞ்சைப் பிடித்தார். காரைக்காலில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் கலந்த இன்ஹேலர் கொடுத்தார். காலையும் மாலையும் இழுக்க வேண்டும். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும்.

“எவ்வளவு நாளைக்குங்க?” என்றார் பெரியப்பா.

“ஆயுசுக்கும்.”

“ஆயுசுக்கும் இழுத்தா ஒண்ணும் பண்ணாதுங்களா?”

டாக்டர் மறைக்கவில்லை. “சிலருக்குக் குரல் கம்மும், வாயில புண்ணு வரும். சிலருக்கு நிமோனியா வரலாம். யாருக்குன்னு முன்னாடியே சொல்ல முடியாதுங்க. ஆனா நீங்களா நிறுத்துனா அதவிட மோசம்.”

மூச்சு தேறியது. ஆனால் காலை மருந்தை அவர் கரைக்கு வந்துதான் இழுத்தார். முதல் ஏலம் முடியும்வரை அங்கே யாரும் துப்பக் கூடாது. துப்பினால் அன்றைக்கு விலை விழுந்துவிடுமாம். கொப்பளித்த தண்ணீரை விழுங்கிவிடுவார்.

“வீட்டுலயே இழுத்துட்டு வாங்களேன், பெரியப்பா.”

“நடந்து வர்றதுக்குள்ள தீந்துடும், பாப்பா. இங்க இழுத்தாத்தான் கத்தறதுக்கு மிச்சமிருக்கும்.”

“பன்னெண்டு மணி நேரம் நிக்குற மருந்து அது.”

“ஊரெல்லாம் சுத்துனவ. ஒரு நாள் ஏலம் விட்டுப் பாத்துட்டு அப்பறம் சொல்லு.”

கார்த்திகையில் நாக்கில் வெள்ளை படிந்தது. குரல் கம்மிக் கரகரத்தது. மீன் வாங்க வந்த சௌந்தரவல்லி, “என்ன மாமா, வெல சொல்றீங்களா, ரகசியம் சொல்றீங்களா?” என்றாள். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

அன்று மாலையே, யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிட்டார். சில நாட்களில் குரல் திரும்பியது. மூச்சு வாங்கினால் பனி என்பார். வாய்ப்புண்ணுக்கு டாக்டர் கொடுத்த மருந்து கேட்டுவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். தை முழுக்க அப்படியொரு ஏலம்.

தைக் கடைசியில் ஒரு காலை, வஞ்சிரம் கூடைக்கு விலை ஏற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். வாய் திறந்தபடி, கை மேலே தூக்கியபடி. இன்னும் கேட்கிறார் என்று நினைத்து யாவாரிகள் விலையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். உதடு நீலமானதைப் பார்த்து நான் கத்தியது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். ஸ்டீராய்டு இல்லாமல் இனி முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏலம் வேறு ஆளுக்குப் போனது. அதன் பிறகுதான் அந்த ஆட்டோ வந்தது.

ஐப்பசியில், நான் மறுபடி ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது, பெரியம்மா குரல்பதிவு அனுப்பியிருந்தார்:

“தெனம் ரெண்டு வேள தவறாம இழுக்கறாரு, பாப்பா. கொப்பளிச்சுத் துப்பறாரு. மூச்சு நல்லாருக்கு. கொரலுதான் அறவே இல்ல. மீன்காரி தெருவுல வந்தா தட்டத் தட்டித்தான் கூப்புடறாரு. அவ வேற எங்கயோ சத்தம்னு போயிடறா. நீதான் எல்லா ஊரும் போறியே, மூச்சும் கொரலும் ரெண்டும் தங்கற மாரி மருந்து எங்கயாச்சும் இருக்கான்னு கேட்டுச் சொல்லு.”