தமாவும் தம்மும்

அம்சவேணிக்கு வந்ததே கோபம்! வடக்கே, லக்ஷ்மிபாய் நகரில் நாலு வீட்டுக்குச் சமைப்பவள் அவள். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று கிளினிக்குக்குப் போனால், டாக்டர் "தமா ஹை க்யா?" என்கிறார். விழுப்புரத்துக்காரியின் காதில் அது 'தம் அடிப்பாயா' என்று விழுந்தது. சிகரெட் பிடிக்கிற மூஞ்சியா இது? வெடுக்கென்று "நஹி" என்றாள். ஹிந்தியில் தமா என்றால் ஆஸ்துமா. காய்கறிக்காரனை வாயடைக்க வைக்கும் அவள் ஹிந்தியில் அந்த வார்த்தை கிடையாது. சிறுவயதிலிருந்து அவளுக்கு இருப்பது வீசிங்.

அவர் எழுதிக்கொடுத்த மாத்திரை படபடப்பை அடக்கியது நிஜம்தான். ஆனால் அந்த வாரமே மிளகாய் தாளித்த நெடியில் மூச்சு இழுத்தபோது, எப்போதும் கைகொடுக்கும் இன்ஹேலர் பம்ப் கைவிட்டுவிட்டது. புருஷன் ஏகாம்பரம் புது பம்ப் வாங்கிவந்தான். ம்ஹூம், அதுவும் அப்படியே. செத்தோம் என்றே நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பிழைக்கவைத்த டாக்டர் ஹம்சா, நல்லவேளை, தமிழ்ப் பெண். மாத்திரை அட்டையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பஸ்ல துண்டு போட்டு சீட் புடிப்பாங்கல்ல, அதாம்மா நடந்திருக்கு. பம்ப் மருந்து நுரையீரல்ல ஒரு சீட்ல உக்காந்தாத்தான் மூச்சுக்குழாய் விரியும். அந்த மாதிரி சீட் இதயத்துலயும் இருக்கு. இந்த மாத்திரை ரெண்டு எடத்துலயும் துண்டு போட்டிருச்சு. படபடப்பும் அடங்கிச்சு, பம்ப்புக்கும் எடமில்லாம போச்சு. வேற சீட்ல உக்கார்ற மருந்தையும் சேத்துக் குடுத்துத்தான் உங்கள மீட்டோம்."

தமா என்றால் வீசிங் என்பதே ஹம்சா சொல்லித்தான் தெரிந்தது. தப்பாகப் பதில் சொன்னவள் நீதானே, சும்மா கிட என்றான் ஏகாம்பரம். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? அம்சவேணி நேரே கிளினிக்குக்குப் போய் நின்றாள்.

டாக்டர் அசரவில்லை. நான் கேட்டேன், நீ இல்லையென்றாய், தப்பு உன்னுடையது என்றார். அவர் எதிரே, கட்டட வேலை செய்யும் ராஜாத்தி மருந்துச்சீட்டுக்காகக் காத்திருந்தாள். அவளுக்கும் நெஞ்சு படபடப்பாம்.

அம்சவேணி அவள் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு மூச்சு இழுக்குமா?"

"சின்னதுலேர்ந்தே இழுக்கும்க்கா."

"இவரு கேட்டதுக்கு என்னா சொன்ன?"

ராஜாத்தி கூசிப்போய்த் தலையைக் குனிந்தாள். "தம்மு அடிப்பியான்னு கேட்டாருக்கா. சீ, இல்லன்னுட்டேன்."

ஒரு வார்த்தை விடாமல் அம்சவேணி அதை ஹிந்தியில் டாக்டருக்குச் சொன்னாள். இதுவும் எங்கள் தப்புதானா என்று கேட்டாள். டாக்டர், ராஜாத்திக்கு எழுதிய சீட்டைக் கிழித்துப்போட்டார்.