டிக்கெட் என் டவுசர் பையில்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்காக, ஆபீஸ் போக மிச்ச நேரமெல்லாம் பயிற்சிதான் எனக்கு. போன பொங்கலுக்கு விழுப்புரத்தில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிய காலையிலும் சும்மா இருக்க முடியவில்லை. "நீயும் பாப்பாவும் பெருங்களத்தூர்ல ஏறுங்க. நான் செங்கல்பட்டு வரைக்கும் சைக்கிள்ல வந்து, அதை ஸ்டாண்டுல விட்டுட்டு அதே பஸ்ல ஏறிக்கிறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு முன்னதாகவே புறப்பட்டேன்.

செங்கல்பட்டுக்கு பஸ் வந்தது. அவர்கள் இல்லை. "ரிசர்வேஷன் டிக்கெட் கையில இல்லைன்னாங்க, ஏத்தலை சார்" என்றார் கண்டக்டர். டவுசர் பையைத் தொட்டுப் பார்த்தேன். வியர்வையில் ஊறிய டிக்கெட், கூடவே வீட்டுச் சாவி. போனை மட்டும் மனைவியின் பெட்டியில் போட்டிருந்தேன்.

வேறு பஸ் பிடித்து என்னைத் தாண்டிப் போய்விடுவார்களோ என்று எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலையும் பார்த்தபடி திரும்ப மிதித்தேன். பெருங்களத்தூர்க் கூட்டத்தின் நடுவே மகள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா, ஜெயிச்சுட்டியா?" என்றாள் மகள்.

இப்போது ஊருக்குப் போகும் நாளில் பயிற்சி கிடையாது. டிக்கெட்டும் சாவியும் மனைவியின் கைப்பையில் இருக்கின்றன. ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்தால் என் கால்கள் ஆடிக்கொண்டேதான் இருக்கின்றன. மகள்தான் என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள்.