நாலாவது ஆள்

போன வருடம் ஜூன் மாதம், இத்தாலியில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்கு நானும் கணவரும் போயிருந்தோம். எங்களுக்குச் சொந்த ஊர் செஞ்சி. நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் பஜாரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். ஃப்ளாரன்ஸ் நகரத்து ஓவியங்களைப் புத்தகத்தில் தபால்தலை அளவுக்குப் பார்த்தே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த நகரத்து மியூசியத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, காலை ரயிலில் எங்களை ஏற்றிவிட்டாள். கையில் இருந்தது அந்த ஒரு நாள்தான். அதற்குள் என் கணவர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

ஊரில் வேட்டி தவிர வேறு கட்டாத மனிதர், மகள் வாங்கித் தந்த அரை டிரவுசரில் கிளம்பினார். கோயிலுக்குப் போகிறோம், வேண்டாம் என்றேன்.

"வெயிலு எப்டி இருக்குது பாரு டீச்சர். இங்க எல்லாரும் இதான் போடறாங்க."

ஊரே என்னை டீச்சர் என்பதால் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். முதல் தேவாலயத்து வாசலிலேயே காவலாளி அவருடைய முழங்காலைக் காட்டித் தலையை ஆட்டிவிட்டார். உடனே என் பூப்போட்ட சால்வையைப் பிடுங்கி லுங்கி மாதிரி இடுப்பில் சுற்றிக்கொண்டார். உள்ளே கூரை முழுக்க ஓவியம். நான் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறேன், அவர் காதருகே வந்து கேட்கிறார்: "அவ்ளோ ஒசரத்துல பல்பு பியூஸ் போனா யாரு ஏறுவா?"

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மியூசியத்துக்குப் போகும் வழியில் ஒரு எலக்ட்ரிகல் கடை கண்ணில் பட்டுவிட்டது. பாஷை தெரியாத ஊரில், சால்வையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் போட்டு அணைக்கிறார். வாசலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை வறண்டுபோனது. மியூசியத்துக்கு ஓடினால், டிக்கெட்டில் போட்டிருந்த நேரம் தாண்டிவிட்டது, விட முடியாது என்றார்கள். அன்றைக்கு வேறு டிக்கெட்டும் இல்லை.

"விடு டீச்சர், அடுத்த தபா பாத்துக்கலாம்" என்றார்.

எங்கள் வயதில் அடுத்த தடவை என்று ஒன்று ஏது? அவரை விட்டு முன்னால் நடந்தேன். மத்தியானம் என்பதால் அடுத்துப் போன தேவாலயங்களும் பூட்டிக் கிடந்தன. கடைசியில் ஒரு சந்துக்குள் சின்னதாக ஒன்று திறந்திருந்தது. உள்ளே பக்கச் சுவரில் பழைய மாதா படம். பாதி காரை உதிர்ந்திருந்தாலும், மிச்சமிருந்த நீலம் நேற்றுப் பூசியதுபோல் இருந்தது. கிட்டே போய் நின்றேன். அன்று முதல் முறையாக மனசு ஆறியது. அதற்குள் பின்னால் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"டீச்சர், இங்க சாவு."

திரும்பிப் பார்த்தேன். பீடத்துக்கு முன்னால் சவப்பெட்டி. முதல் வரிசையில் ஒரு வயதான அம்மா, பக்கத்தில் நடுத்தர வயதில் ஓர் ஆள். பாதிரியாரையும், கறுப்புக் கோட்டு போட்ட சவ வண்டிக்காரர்கள் இருவரையும் விட்டால் வேறு யாருமில்லை. எனக்குக் கூசியது. "வாங்க போயிடலாம்" என்றேன். அவர் கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்துவிட்டார். பூசை முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெட்டியைத் தள்ளுவண்டியில் வாசல்வரை கொண்டுவந்தார்கள். அங்கே படிக்கட்டு. தூக்கித்தான் இறக்க வேண்டும். வண்டிக்காரர்கள் இரண்டு பேர், அந்த ஆள் ஒருவர். நாலாவது மூலைக்கு ஆளில்லை. பாதிரியார் அங்கியைச் சுருட்டிக்கொண்டு குனியப் போனார். என் கணவர் எழுந்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க? யாரு, இன்னான்னே தெரியாது" என்று கையைப் பிடித்தேன்.

"யாரா இருந்தா இன்னா? நாலு பேரு வேணும்ல" என்று சொல்லிவிட்டுப் போய் அந்த மூலையில் தோளைக் கொடுத்தார்.

ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. அவர் சால்வையைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. படியில் இறங்கும்போது, ஊரில் சொல்வதுபோலவே "மெதுவா, மெதுவா" என்றார். மற்ற மூவரும் அந்தச் சொல்லுக்கே கால் வைத்தார்கள். அந்த அம்மா தடுமாறினார். நான் பிடித்துக்கொண்டேன். என் கையை இறுக்கிக்கொண்டு தன் பாஷையில் ஏதோ சொல்லி அழுதார். "அழாதீங்கம்மா" என்றேன். எனக்கு வேறு என்ன தெரியும்? வண்டி கிளம்புவதற்கு முன் அந்த அம்மா என் கணவரின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். இறந்தது கணவரா, அண்ணனா, பிள்ளையா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ரயிலில் அவர், வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளிக்கணும் என்றார். ஸ்டேஷனுக்கு வந்திருந்த மகள், "மியூசியம் எப்டிம்மா இருந்தது?" என்று கேட்டபோது எனக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது. எல்லாவற்றையும் அங்கேயே கொட்டித் தீர்த்தேன். ஆனால் அந்தப் படிக்கட்டுக்கு வந்ததும் என் குரல் உடைந்துவிட்டது.

அந்த ஓவியங்களைப் பார்க்காமல் திரும்பிய வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அந்த நாளை அவர் வீணாக்கிவிட்டார் என்று மட்டும் இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை.