புது டயரும் உளுந்துச் செடியும்

கடலூரில் காலையில் இரண்டு டயரையும் மாற்றியதிலிருந்து என் பைக் எனக்குப் பிடிபடவில்லை. பழைய டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருந்ததால், வளைவுகளில் நான்தான் வண்டியை அழுத்திச் சாய்ப்பேன். இப்போது லேசாகத் தொட்டாலே சட்டென்று விழப் பார்க்கிறது. "புது ரப்பர் வழுக்கும் சார், நூறு கிலோமீட்டருக்குச் சாய்க்காம ஓட்டுங்க" என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். சாய்க்காமல் எப்படித் திரும்புவது என்று சொல்லவில்லை.

சிதம்பரம் தாண்டி, கீரப்பாளையம் அருகே பிரேக் பிடித்து நிற்கிறேன். சாலையில், நான் போக வேண்டிய பாதி முழுக்கக் காய்ந்த உளுந்துச் செடி. வண்டிகள் ஏறினால் காய் வெடித்து உளுந்து உதிரும் என்று பரப்பியிருக்கிறார்கள். மறுபாதியில் பஸ்கள் வந்தபடி இருக்கின்றன.

செடியைப் புரட்டிக்கொண்டிருக்கும் பெண் நிமிர்கிறார். "ஏறி வா தம்பி, ஏன் நின்னுட்ட?"

"புது டயரு அக்கா. வழுக்கும்னு சொன்னாங்க."

அவர் கிட்டே வந்து முன்டயரின் மேடுகளைக் கட்டைவிரலால் தடவுகிறார். முகம் மலர்கிறது.

"பட்டன்லாம் அப்படியே இருக்குதே! காலையிலேருந்து வந்ததெல்லாம் மொட்ட டயரு. நீ ஏறுனா நல்லா உதிரும்."

வழுக்குமா, பிடிக்குமா? எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டு கால்களையும் தரையில் உரசியபடி ஏறுகிறேன். செடி நொறுங்குகிறது. பின்சக்கரம் ஒருமுறை நழுவி, தானாகவே நேராகிறது. அந்தப் பக்கம் சேர்ந்து மூச்சு விடுகிறேன்.

"தம்பி, ஓரமாவே போயிட்டியே! வண்டியத் திருப்பிக்கினு நடுவுல ஒருக்கா வந்துட்டுப் போ."

திருப்பத்தான் எனக்கு வரவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?